பெட்டியை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்: மெல்பனில் ஒரு பூரிம் நாள்

சிட்னி மெரிலேண்ட்ஸில் தமிழர்கள் சிலர் சேர்ந்து, கையில் காசில்லாமல் வந்து இறங்கும் குடும்பங்களுக்கு மளிகைப் பெட்டி கொடுக்கத் தொடங்கினோம். முதல் மாதம் ஒன்பது குடும்பங்கள் வந்தன. மூன்றாம் மாதம் ஒன்றுதான். பெட்டியில் குறையில்லை; பருப்பிலிருந்து பால்மா வரை இருந்தது. மேடையில் வைத்துக் கொடுத்தோம், படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். பிறகு ஏன் ஆள் வரவில்லை என்று எங்களுக்குப் புரியவேயில்லை. மெல்பனில் யூதர்கள் இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள், யாராவது போய்ப் பார்த்து வாருங்கள் என்றார்கள். பழைய நிருபர் நான்தான் அகப்பட்டேன்.

மார்ச் மாதம், திங்கள் மாலை 6.10 விமானம். கட்டணம் 89 டாலர், ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கியதும் நண்பர் சிவநேசன் அழைத்துப்போனார். யாழ்ப்பாணத்துக்காரர், ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் வேலை, சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். மறுநாள் காலை 7.15க்கு அவர் வீட்டிலிருந்து புறப்பட்டோம். யூதர்களின் கூடம் இருக்கும் கால்ஃபீல்ட் சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் ஒரு பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர 8.40 ஆகிவிட்டது.

அன்று பூரிம். யூதர்களின் கொண்டாட்ட நாள். அன்று சூரியன் மறைவதற்குள் இல்லாதவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்கள் விதி. வேடம் போடுவதும் வழக்கம். கூடத்தின் கதவைத் திறந்தவர் ஒரு தேனீ! ஒருங்கிணைப்பாளர் மிரியம், அறுபது வயதிருக்கும், மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட உடுப்பு, தலையில் ஆடும் இரண்டு கொம்புகள். சிவா வீட்டிலிருந்து கொண்டுவந்த ரோல்ஸ் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அது வேனிலேயே இருக்கட்டும். உள்ளே கோஷர் உணவு மட்டும்தான், எங்கள் மத விதிப்படி செய்தது."

"அப்ப நாங்களே சாப்பிடுவம்," என்றார் சிவா என்னிடம், வருத்தமே இல்லாமல்.

பெட்டி அடுக்கும் மேசையில் என் பக்கத்தில் பச்சை விக் வைத்த ஒரு பெண், ஐம்பதை ஒட்டிய வயது. "முட்டையை அடியில் வைக்கிறீர்களே, என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றார். செய்தியாளர் என்றேன். "அப்படியா, அதுதான்," என்று முட்டையை எடுத்து மேலே வைத்தார். மூன்று மணி நேரம் எங்களை இப்படித்தான் வேலை வாங்கினார்.

எங்கள் வேனுக்குப் பதினொரு பெட்டிகள். ஏற்றும்போது மிரியம் சொன்னார்: "தட்டுங்கள், வாசலில் வையுங்கள், திரும்பிப் பார்க்காமல் போங்கள். யார் வாங்குகிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். முகம் தெரிந்துவிட்டால் அந்த வீட்டார் அடுத்த முறை வேண்டாம் என்பார்கள். எனக்கு இரண்டு வீடுகள் அப்படிப் போயிருக்கின்றன."

நான்கு வீடுகளில் அப்படியே செய்தோம். ஐந்தாவது வீட்டில் சிவாவுக்குப் பொறுக்கவில்லை. "சாப்பாட்டுச் சாமானை நிலத்தில போட்டுட்டுப் போறதோ அண்ணை? மனுசருக்குக் குடுக்கிற முறையே இது?" நான் தடுப்பதற்குள் மணியை அடித்துவிட்டு, பெட்டியை இரு கைகளாலும் ஏந்தி நின்றார். நானும் நின்றேன், அது என் தவறு.

கதவு திறந்தது. பச்சை விக் இன்னும் தலையில் இருந்தது.

அவர் முகம் சிவந்தது, கை கதவை மூடப் போனது. பிறகு, கல்யாண வீட்டில் தட்டு நீட்டுகிறவர்போல் நின்ற சிவாவைப் பார்த்தார். "அப்படியே நில்லுங்கள்," என்று உள்ளே போனவர், கசகசா வைத்த முக்கோண பிஸ்கட் இரண்டும் ஓர் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தார்.

"வாங்குகிறவர்களும் இன்று கொடுக்க வேண்டும். எனக்கும் விலக்கில்லை. காலையில் பின்னே எதற்கு அங்கே நின்றேன்? பிடியுங்கள்."

இரு கைகளாலும் வாங்க, சிவா பெட்டியைக் கீழே வைத்தார்.

"நல்லது. இப்போது பெட்டி வாசலில் இருக்கிறது. இரண்டு பேரும் போய் உங்கள் வேனைப் பாருங்கள்."

போனோம். திரும்பிப் பார்க்கவில்லை. வேனில் ஏறியதும் சிவா, "பிழை விட்டுட்டம் அண்ணை. அந்த மனுசி இனி வாங்காட்டி?" என்றார். மீதி ஆறு வீடுகளிலும் தட்டிவிட்டுத் திருடன் மாதிரி ஓடிவந்தார். மிரியத்திடம் நடந்ததை ஒப்புக்கொண்டோம். "எந்த வீடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்," என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். வீட்டுப் பலகாரம் வேண்டாம். ஏதாவது வேடம் போட்டுப் போங்கள், சாதாரண உடுப்பில் நாங்கள்தான் விசித்திரமாகத் தெரிந்தோம். இரவு 9.05 விமானத்தில் திரும்ப 104 டாலர். படம் எடுக்காதீர்கள், இந்தப் பதிவிலும் ஒன்றுமில்லை. மெரிலேண்ட்ஸில் மேடையை எடுத்துவிட்டோம். வீடு வீடாகப் போகிறோம்; கதவைத் தட்டியதும் கிளம்பிவிடுகிறோம்.

நான்கு வாரம் கழித்து, மெல்பன் யூதர்களின் பாஸ்கா பண்டிகைப் பெட்டிகளைக் கொண்டுபோன சிவா போன் செய்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "ஓம் அண்ணை, அந்த வீடு இந்த முறையும் லிஸ்டில இருந்தது."