மாட்டிக்கிச்சு என்பதற்கு ஆங்கிலம்

ஒரகடத்தில் கார் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பயிற்சிப் பிரிவில் இருந்தேன். பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களைப் பாதுகாப்பு ஷூ போடச் சொல்வது, ஃபயர் டிரில் அன்று விசில் ஊதுவது, தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது, வாரத்தில் இரண்டு நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அரை மணி ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுப்பது. நான் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். மண்ணூரில் எங்கள் தெருவில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். யாரும் கேட்காமலேயே இந்தத் தகவலைச் சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு உண்டு. இப்போதும் பாருங்கள், சொல்லிவிட்டேன்.

வகுப்புக்கு வந்தவர்களுக்கு வேண்டியதெல்லாம் வேறு கம்பெனி இன்டர்வியூவில் நாலு வரி பேசுவதற்கான ஆங்கிலம். நான் கொடுத்தது அதற்கு மேல். ஒரு வினைச்சொல், அதன் வாலில் அப், இன், டு என்று ஒரு பொடிச் சொல், நடுவில் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹெர்செல்ஃப் என்று ஏதாவது ஒன்று. இவை சேர்ந்துவிட்டால் அர்த்தம் எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். புல் யுவர்செல்ஃப் டுகெதர் என்றால் உன்னை இழுத்து ஒட்டவை என்று பொருளல்ல, மனதைத் திடப்படுத்திக்கொள் என்று பொருள். த்ரோ யுவர்செல்ஃப் இன்டு யுவர் வொர்க் என்றால் வேலையில் முழுமூச்சாக இறங்கு. இதைச் சொன்னபோது, இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டும் பிரஸ் செக்ஷன் ஆள் ஒருவர் கையைத் தூக்கினார்.

"வேலைக்குள்ள நம்மளயே தூக்கிப் போட்டுக்கணுமா மேடம்? எங்க செக்ஷன்ல அத மட்டும் சொல்லிக் குடுத்துடாதீங்க."

கேன்டீனில் ஊறுகாய் வாளிக்கு மேலே ஹெல்ப் யுவர்செல்ஃப் என்று ஒரு போர்டு இருந்தது. வேண்டியதை நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்று நான் விளக்கியதற்கு, "நமக்கு யாரும் ஹெல்ப் பண்ண மாட்டாங்கன்னு போர்டே வச்சிகீறாங்கன்னு நெனச்சேன்" என்றார் இன்னொருவர். அந்தத் தொழிற்சாலையைப் பொறுத்தவரை அவர் மொழிபெயர்ப்பில் பெரிய பிழை இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தொல்லையைத் தீர்க்க நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். தமிழில் 'கொள்' என்று ஒன்று இருக்கிறதல்லவா, எடுத்துக்கோ, பார்த்துக்கோ, வச்சுக்கோ என்று பேச்சில் ஒட்டிக்கொண்டு வருவது, அதுதான் ஆங்கிலத்தின் செல்ஃப். எங்கே 'க்கோ' வருகிறதோ, எங்கே 'க்கிட்டு', 'க்கினு' வருகிறதோ, அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒரு செல்ஃப் போடுங்கள். போர்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன். எனக்கு என்மேல் இருந்த மரியாதை அன்று இன்னும் கொஞ்சம் கூடியது.

முதல் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டவர் ஒரு பெண் பிரஸ் ஆபரேட்டர். என் வயதுதான் இருக்கும். மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். நான்கு வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தவர். அந்த முறை பர்மனென்ட் லிஸ்ட்டில் பெயர் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபைலில் கரும்புள்ளி எதுவும் விழாமல் இருந்தால் போதும்.

லிஸ்ட் வர ஒரு மாதம் இருக்கும்போது அவர் கை மெஷினில் மாட்டியது. நல்லவேளையாகச் சின்ன பிரஸ். வலது கை ஆட்காட்டி விரலில் நான்கு தையல். மறுநாள் கட்டுப் போட்ட விரலோடு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். விபத்து அறிக்கை ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். அவர் சொல்ல, நான் எழுத வேண்டும்.

"க்ளவுஸ் நுனி மாட்டிக்கிச்சு மேடம். கைய இழுக்கறதுக்குள்ள மெஷின் எறங்கிடுச்சு. கை உள்ள இருந்தா அது நிக்கணும் இல்ல, அந்த சென்சார் ரெண்டு நாளா வேலை செய்யல. சூப்பர்வைசராண்ட சொல்லிக்கினுதான் இருந்தேன்."

படிவத்தில் 'சம்பவம் எப்படி நடந்தது' என்பதற்கு இரண்டே வரிக் கட்டம். மாட்டிக்கிச்சு. சூத்திரம் தயாராக இருந்தது. 'ஷீ காட் ஹெர்செல்ஃப் டேங்கிள்டு அப் இன் த பிரஸ்' என்று எழுதினேன். ஹெர்செல்ஃப் இருக்கிறது, அப் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? க்ளவுஸையும் நேரத்தையும் சேர்த்ததும் கட்டம் நிரம்பிவிட்டது. சென்சாருக்கு இடமில்லை. தனித்தாளில் எழுதி இணைத்திருக்கலாம். வாக்கியம் அவ்வளவு வடிவாக வந்திருந்தது, அதன் வாலில் ஒரு சென்சாரைக் கட்டித் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார், இடது கையால்.

அன்று மாலை பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "ரிப்போர்ட்னா இப்படி இருக்கணும் மேடம். ஒரே லைன், பளிச்சுன்னு புரியுது." நான் கேன்டீனுக்குப் போய் இரண்டாவது வடையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்த ஆபரேட்டர் மட்டும் நின்றார். கையில் ஒரு கடிதம். கவனக்குறைவுக்காக எச்சரிக்கை என்று போட்டிருந்தது. ஃபைலில் சேர்த்தாகிவிட்டது. லிஸ்ட்டில் பெயர் வராது என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டாராம். கடிதத்தின் நடுவில் என் வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருந்தது. அதில் ஒரு சொல்லின் மேல் அவர் விரலை வைத்தார்.

"இது நீங்க சொல்லிக் குடுத்த ஹெர்செல்ஃப்தானே மேடம்?"

என் பாடம் ஒருவருக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது என்று தெரிந்த ஒரே தருணம் அதுதான்.

"நான் மாட்டிக்கினேன்னு சொல்லலியே. மாட்டிக்கிச்சுன்னுதானே சொன்னேன்."

அவரை உட்காரச் சொல்லிவிட்டு அதிகாரியிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கை மாட்டிடுச்சுன்னா ஆக்சிடென்ட். தானே போய் மாட்டிக்கிட்டாங்கன்னா கேர்லெஸ். நீங்க ரெண்டாவதைத்தானே எழுதியிருக்கீங்க? சென்சார் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. மாத்தணும்னா எழுதிக் குடுங்க, கமிட்டியில வைக்கறேன்" என்றார். இலக்கியம் படிக்காத அந்த மனிதருக்கு என்னைவிட ஆங்கிலம் தெரிந்திருந்தது.

திரும்பி வரும் வழியில்தான் என் சூத்திரம் எனக்கே உறைத்தது. தொண்டை கட்டிக்கிச்சு என்கிறோம். கட்டியது யார்? இடுப்பு பிடிச்சுக்கிச்சு, காற்றில் கதவு சாத்திக்கிச்சு, மழை பிடிச்சுக்கிச்சு. யார்மேல் குற்றம் சொல்வது? யாரும் செய்யாமல் நடந்துவிட்டதையும் தமிழ் இதே வாலை ஒட்டித்தான் சொல்கிறது. பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் இது எனக்குத் தெரியவில்லை. தெரியாத மொழியில் அந்த ஆபரேட்டர்மேல் பழி எழுதிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஆனாலும் மேஜைக்கு வந்து பேனாவை எடுத்ததும் படித்த புத்தி முழித்துக்கொண்டது. திருத்தக் கடிதத்தை இப்படித் தொடங்கினேன்: 'ஆன் எரர் ஹேஸ் க்ரெப்ட் இன்.' பிறகு சென்சார் இரண்டு நாளாக வேலை செய்யாததையும், அவர் சொல்லியும் சரிசெய்யப்படாததையும் முழுசாக எழுதினேன். கையெழுத்துப் போடப் போனேன். எதிரில் இருந்தவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தமிழ்ல சொல்லுங்க மேடம். மொத வரிலேர்ந்து."

போன தடவை தமிழில் சொல்லாதது நினைவுக்கு வந்தது. சொன்னேன். "தப்பு ஒண்ணு உள்ள பூந்துக்கிச்சு."

அவர் அந்த வரியைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க தப்புன்னா அதுவா பூந்துக்குது. என் கைன்னா நானா உட்டுக்கினேனா மேடம்?"

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இவர் சொன்னதை நான் தவறாக எழுதினேன், சென்சார் பற்றிச் சொன்னதை நான் விட்டுவிட்டேன் என்று ஆரம்பித்தேன். வாலில் ஒன்றும் ஒட்டாத, ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதும் ஆங்கிலம். அந்தக் கடிதத்தால்தான் எச்சரிக்கையை ஃபைலிலிருந்து எடுத்தார்கள் என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. அன்று அது நடக்குமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டார்.

"நீங்க பண்ணதுன்னு போட்டுகீறீங்களா?"

"போட்டிருக்கேன்."

"நான்னு எங்க கீது?"

முதல் வரியின் தொடக்கத்தைக் காட்டினேன். ஐ. நேராக நிற்கும் ஒரே ஒரு கோடு. அவர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"இத்துனூண்டுதானா? இத எழுதவா மேடம் இவ்ளோ நேரம்?"