ராமநாதன் சாருக்குப் பொன்னாடை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானமே ஒரு கஸ்டமரிடம் திட்டு வாங்கினேன்.

கொரட்டூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஆபீஸ். கீழே மாவு மில், மாடியில் நாங்கள். அம்பத்தூர், திருமழிசைப் பக்கத்துச் சின்னத் தொழிற்சாலைகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாப்ட்வேர் போட்டுக் கொடுப்போம். அது மக்கர் பண்ணினால் சரிசெய்தும் தருவோம். ஓனர் சுந்தர் சார், புரோகிராம் எழுத ஜீவா, போன் எடுக்கக் கலைச்செல்வி, அதாவது நான். கம்பெனியே அவ்வளவுதான். வெப்சைட்டில் மட்டும் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் படம் பளபளவென்று இருக்கும்.

அன்றைக்குக் கூப்பிட்டவருக்கு, சரக்கு வெளியே போகத் தேவையான இ-வே பில் வரவில்லை. லாரி கேட்டில் நிற்கிறது. ரிமோட்டில் உள்ளே போய்ப் பார்த்தேன். சரக்கு வாங்குகிற பார்ட்டியின் பின்கோடில் ஓர் எண் விட்டுப்போயிருந்தது. சொன்னேன்.

"ஏம்மா, அதெல்லாம் கரெக்டாத்தான் இருக்கும். உனக்கு மேல யாராச்சும் ஆம்பளை இருந்தா குடும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். வாயைத் திறப்பதற்குள் சுந்தர் சார் ஓடி வந்து போனை மியூட்டில் போட்டார்.

"ராமநாதன் சாரைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்னு சொல்லும்மா."

"யாரு சார் ராமநாதன்?"

"அப்படி யாரும் இல்ல. சும்மா சொல்லு."

சொன்னேன். டீ குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டேன். "சார், பின்கோடு பாக்கச் சொன்னாரு ராமநாதன் சார்."

"அப்படிச் சொல்லும்மா! பெரியவங்க பெரியவங்கதான்."

அன்றிலிருந்து இதுவே எங்கள் வேலைமுறை ஆகிவிட்டது. பதில் என்னுடையது, பேர் அவருடையது, நடுவில் பத்து நிமிடம் ஹோல்டு. அந்த ஹோல்டில் மில் சத்தம் தடதடவென்று கேட்கும். என்ன சத்தம் என்று யாராவது கேட்டால், "எங்க சர்வர் ரூம் சார்" என்போம்.

நாளாக ஆக ராமநாதன் சார் வளர்ந்துகொண்டே போனார். தீபாவளிக்கு அவர் பேர் போட்டு ஸ்வீட் பாக்ஸ் வரும். ஜீவாதான் பிரிப்பான். "இன்னாக்கா, ராம்நாதன் சாருக்கு சுகராமே? பாவம், நாமளே துண்ணுடலாம்!" என்று வாயில் ஜாங்கிரியோடு சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இல்லாத ஒரு மனிதர்மேல் எனக்குப் பொறாமை. உண்மையாகவே பொறாமை.

நடேசன் சார் வருகிறார்

எங்கள் பெரிய கஸ்டமர், திருமழிசையில் ஸ்பேர் பார்ட்ஸ் செய்யும் நடேசன் சார். அவருடைய ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், இருந்தால்தான் எங்கள் ஆபீஸ் ஓடும். அது புதுப்பிக்கிற சமயத்தில் அவரே கூப்பிட்டார்.

"பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து பேசிட்டுப் போயிருக்கான். யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ராமநாதன் சாரை ஒரு தடவை பாத்துடறேன். வெள்ளிக்கிழமை உங்க ஆபீசுக்கு வர்றேன்."

போனை வைத்துவிட்டு சுந்தர் சாரிடம் போய்ச் சொன்னேன். சுந்தர் சார் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "இந்த ஏ.எம்.சி. போச்சுன்னா ஜீவாவையும் உன்னையும் வெச்சுக்க என்னால முடியாதும்மா."

"உண்மையைச் சொல்லிடலாம் சார்."

"இத்தனை வருஷம் இல்லாத ஆளைக் காட்டி ஏமாத்தினோம்னு சொல்லச் சொல்றியா? அவர் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவாரா?"

அவர் கண்டுபிடித்த வழி, அவருடைய மச்சினர். ஆவடியில் டிபென்ஸ் பேக்டரி ஒன்றில் போர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர், இன்னும் குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே வீடு. நரைத்த தலை, கம்பீரமான மீசை. பார்த்தால் ராமநாதன் என்றுதான் தோன்றும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: "கலைச்செல்விகிட்ட சொல்லியிருக்கேன், பாத்துப்பாங்க." வேறு எதுவும் பேசக்கூடாது.

வெள்ளிக்கிழமை நடேசன் சார் மாடி ஏறும்போதே மூன்று தும்மல் கேட்டது. கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேபினில் மச்சினர் எழுந்து கைகொடுத்தார். நடேசன் சார் உட்கார்ந்து, அவரை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், எங்க ஸ்டோர்ஸ்ல பில் பிரிண்ட் போட்டா பாதியில நின்னுடுது. என்ன பண்ணலாம்?"

மச்சினருக்கு அந்த ஒரு வரி வாய்வரை வந்திருக்க வேண்டும். ஆனால் முப்பது நாற்பது வருடம் மெஷினோடு இருந்த மனிதர். மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "பிரிண்டருக்கு எண்ணெய் விட்டீங்களா?"

ஜீவா நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே ஓடிவிட்டான். சுந்தர் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன், எல்லார் எதிரிலுமே.

நடேசன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டே. அந்த ஒரு வாரமும் ராமநாதன் சார் டெல்லியில இருந்தாரு. உனக்கு ஜுரம் வந்தா அவரும் வரமாட்டாரு. எனக்கு இதுகூடவா தெரியாது? உங்க சர்வர் ரூம்ல ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்கிட்டு வரச் சொல்லி வீட்டுல அனுப்பியிருக்காங்க."

"தெரிஞ்சும் ஏன் சார் கேக்கல?" என்றேன்.

"எனக்கும் அவர் வேணுமேம்மா! ஸ்டோர்ஸ்ல மாணிக்கம் நான் சொன்னா கேக்கமாட்டான். ஸ்டாக் ஏத்தாம பில் போடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ராமநாதன் சார் சொல்லிட்டாருன்னு சொன்னேன், மறுநாளே ஒழுங்கா ஏத்தறான். அந்தப் பெரிய கம்பெனிக்காரனை நான் அப்பவே அனுப்பிட்டேன். நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். கையெழுத்துப் போடறேன். ராமநாதன் சார் அப்படியே இருக்கட்டும், இவரை மட்டும் வெளியில காட்டாதீங்க."

சுந்தர் சார் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

முடியவில்லை. "ராமநாதன் சார் ரிடையர் ஆயிட்டாரு சார்" என்றேன். "இனிமே நான்தான். என் பேரைச் சொல்லித்தான் பேசுவேன். மாணிக்கம் அண்ணனுக்கு நானே சொல்றேன்."

பேனா அப்படியே நின்றது. சுந்தர் சார் முகத்தில் ஈயாடவில்லை. கதவருகே ஜீவா சிரிப்பதை நிறுத்திவிட்டான். நடேசன் சார் என் பக்கம் திரும்பினார்.

"அவன் ஒத்துக்கலன்னா?"

"திங்கட்கிழமை நேர்ல வர்றேன். ஒத்துக்கலன்னா அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "சரி. திங்கட்கிழமை பேசிக்கலாம்."

அவர் போனதும் சுந்தர் சார் கேபினை விட்டு வெளியே போய்விட்டார். மச்சினர்தான் பேசினார்: "நல்லாத்தான் கேட்டேம்மா நீ." அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

திங்கட்கிழமை

பூந்தமல்லியில் பஸ் மாறித் திருமழிசை போய் இறங்கினேன். ஸ்டோர்ஸில் மாணிக்கம் அண்ணன் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நடேசன் சார் ஓரமாக நின்றார், உதவிக்கு வரவில்லை.

"அண்ணா, ராமநாதன் சார் ரிடையர் ஆயிட்டாரு. இனிமே அவர் வேலையும் நான்தான் பாக்கறேன்."

"இன்னாம்மா சொல்ற? ரிட்டேரா?" அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. "சொல்லவே இல்லியே! மன்சன் தங்கமாச்சே. இந்த பில்லு பாதில நின்னுக்கினு கீது, இத்த யாரு பாப்பாங்க இப்போ?"

அவரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பேப்பர் அளவு மாறிக் கிடந்தது. மாற்றினேன். பில் முழுசாக வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நம்பவில்லை போல. பிறகு, "அவரு நல்லா கத்துக்குடுத்துக்கீறாரு" என்றார். எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பின்னால் நின்ற நடேசன் சார் பேனாவை வெளியில் எடுத்தார்.

அடுத்த வாரம் ஆபீசுக்கு ஒரு பார்சல் வந்தது. ஸ்டோர்ஸ் ஆட்கள் சேர்ந்து ராமநாதன் சாருக்கு வாங்கிய பொன்னாடை. சுந்தர் சார் அதைப் பிரித்து என் தோளில் போர்த்தினார். ஜீவா கைதட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அன்றைக்கு மிளகாய் அரைக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது எனக்குக் கீழே ஐந்து பேர் போன் எடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மேலே யாராவது இருக்கிறார்களா என்று கஸ்டமர் கேட்டால் ஹோல்டில் போடாதீர்கள். உங்கள் பேரைச் சொல்லிவிட்டு, பதிலை இன்னொரு தடவை சொல்லுங்கள்.

போன மாதம் மாணிக்கம் அண்ணன் கூப்பிட்டார். வேலை முடிந்ததும் கேட்டார்: "ராம்நாதன் சார் நல்லா கீறாராம்மா?"

"நல்லா இருக்காருண்ணா. பேரப்பிள்ளைங்களோட இருக்காரு."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அவருகிட்ட கேட்டா பத்து நிமிசம் ஆவும். நீ டக்குனு சொல்லிடுறம்மா."