வரத்துக்கு முந்தின மொட்டை

அனுசுயாவின் குரலைத் திருத்தணியில் தெரியாதவர்கள் கிடையாது. பெரியவர்களுக்கு அது தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் குரல். இளவட்டங்களுக்கோ அது ஆளைப் பிடித்துக் கொடுக்கும் குரல். ஒரே தொண்டைக்கு இப்படி இரண்டு புகழ் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மொட்டைக் கதைக்குப் போக முடியாது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கனத்த குரல். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கப் பாட்டுக்கு அவளை ஆண்பிள்ளைகள் வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். போனில் ஹலோ என்றால் எதிர்முனை 'சார்' என்று ஆரம்பிக்கும். இந்தக் குரலோடு எவன் வீட்டுக்குப் போய்க் குப்பை கொட்டப் போகிறாளோ என்று அம்மா மணியம்மை கவலைப்பட்டதுண்டு. அப்பா கங்காதரன் அரக்கோணம் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், நாள் முழுக்க எஞ்சின் சத்தம் கேட்ட காது. அவருக்கு மகள் குரலில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஓர் ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் தகவல் பந்தலில் பேசவேண்டிய ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தன்னார்வலர் பட்டையைக் கட்டிக்கொண்டு குடிநீர் ஊற்றிக்கொண்டிருந்த அனுசுயாவின் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவள் தமிழிலும் பேசினாள், நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்துக்குத் தெலுங்கிலும் பேசினாள். பம்பை, உடுக்கை, அரோகரா எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் அடிவாரக் குளம் வரைக்கும் இறங்கிப் போயிற்று. அதிலிருந்து வருஷா வருஷம் மைக் அவளுக்குத்தான். மற்ற நாளில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

அந்தக் குரலைத் திருவிழாவில் கேட்டுவிட்டுப் போன ஒருவர் சென்னையில் டப்பிங் கூடம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வரச்சொன்னார். ஜப்பான்காரர்கள் வரைந்த அனிமே தொடர் ஒன்று தமிழுக்கு வருகிறது, அதில் ஒரு எந்திரத்துக்குக் குரல் வேண்டும் என்றார். எதிர்காலத்து நகரம் ஒன்று. அங்கே தெருவுக்குத் தெரு வாசல் வைத்திருக்கிறார்கள். வாசலைக் கடக்கிறவன் மனசை எந்திரம் எடை போடும். எடை கூடிவிட்டால் இவன் நாளைக்குக் குற்றம் செய்வான் என்று அர்த்தம். போலீஸ் இன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விடும். அள்ளுவதற்கு முன்னால் எந்திரம் ஒரு வாசகம் சொல்லும்: நீங்கள் இன்னும் செய்யவில்லை. ஆனால் செய்வீர்கள்.

இந்த வாசகத்தை அனுசுயா சொன்னதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். ஒரு பாகத்தில் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத ரொட்டிக்கடைக்காரி ஒருத்தியை எந்திரம் பிடித்துக் கொடுக்கிறது. அதைப் பேசும்போது அனுசுயாவுக்கு அழுகை வந்துவிட்டது. எந்திரம் அழாதும்மா, இன்னொரு டேக் போகலாம் என்றார் டைரக்டர். அழாமல் பேசிக் கொடுத்தாள். ரயிலில் திரும்பும்போது திருவாலங்காடு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

தொடர் வெளிவந்ததும் ஊர் தலைகீழாகிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் அவளைக் கண்டால் பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு சரணடைந்தார்கள். ஜவுளிக்கடையில் ஒரு காலேஜ் பெண், துணி எடுக்காமல் போனால் என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவீர்களா அக்கா என்று கேட்டுவிட்டு, பயத்திலோ பக்தியிலோ இரண்டு சுடிதார் கூடுதலாக எடுத்தாள். தண்ணி போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்தில் படுத்துக்கொண்ட ஒருவனை எழுப்ப, ரோந்து வந்த ஏட்டையா அனுசுயாவைத்தான் கூப்பிட்டார். அவள் அந்த வாசகத்தைச் சொன்னாள். ஆள் எழுந்து, நான் ஒண்ணும் செய்யலீங்க, செய்யவும் மாட்டேங்க என்று ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறிப் போனான்.

ஊரில் உள்ள மனசையெல்லாம் எடை போட்டவளுக்கு ஒரே ஒரு மனசு மட்டும் தராசில் ஏறவில்லை. அது மைக் செட் குமரவேலின் மனசு.

மலைக்கு ஹார்ன் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒயர் இழுப்பதும் குமரவேல்தான். சாது. அவனுக்கு இருந்த ஒரே கர்வம் தலைமுடி. சுருட்டைச் சுருட்டையாக, காது ரெண்டையும் மூடிக்கொண்டு, மழை பெய்தால் தோளில் விழாது என்று சொல்லும்படி இருக்கும். கண்ணாடி கண்ட இடத்திலெல்லாம் நின்று அதைத் தடவிக்கொடுப்பான். ஆடிக் கிருத்திகை வந்தால் அனுசுயாவுக்குத் தொண்டை கட்டக்கூடாதென்று சுக்குக் காபி வாங்கி வருவான். மேஜைமேல் வைப்பான். ஒண்ணு கேக்கணும் என்பான். அவள் மைக்கை அணைத்துவிட்டு, கேளுங்க என்பாள். அவன் எச்சில் விழுங்கி, வால்யூம் போதுமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். வருஷங்கள் இப்படியே போயின. அவள் போதும் என்றும் சொல்லிப் பார்த்தாள், போதாது என்றும் சொல்லிப் பார்த்தாள். போதாது என்ற அன்றைக்கு அவன் இன்னொரு ஹார்ன் கட்டினான். அவ்வளவுதான் பலன்.

சரி, இவள் கேட்கக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பத்து லட்சம் பேர் கேட்க வாசகம் பேசுகிறவளுக்கு, எதிரில் நிற்கும் ஒருவனிடம் பேச நாக்கு எழவில்லை. அவனே சொல்லட்டும் என்ற வீம்பும் இருந்தது.

இந்த வருஷம் ஆடி பிறக்கும்போதே அரக்கோணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்துவிட்டது. நல்ல குடும்பம், நல்ல வேலை. கிருத்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கங்காதரன் மகளைத் தனியாக அழைத்து, மனசுல யாராச்சும் இருந்தா கிருத்திகைக்குள்ள சொல்லிடு கண்ணு, அப்புறம் வார்த்தை குடுத்துட்டு மாத்தக்கூடாது என்றார். யாரும் இல்லை நைனா என்று சொல்லவும் அவளுக்கு மனசில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் வழியில்லை. கேட்காதவனை எப்படி இருக்கிறான் என்று சொல்வது? குமரவேலுக்கும் இந்தச் செய்தி போயிற்று. ஜெனரேட்டர் ஓட்டும் வாஹித் பாய் அவனுடைய சிநேகிதர், அவர் காதில் விழுந்தது எதுவும் அங்கேயே தங்குவதில்லை.

கிருத்திகை அன்று மலை முழுக்கப் பூக்காவடி. அனுசுயா பந்தலில் உட்கார்ந்து மைக்கைப் போட்டாள். முதல் அறிவிப்பை முடித்துவிட்டு அணைக்கப் பார்த்தால் பொத்தான் அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் தும்மினாள், அடிவாரம் வரைக்கும் தும்மல் கேட்டது. யாராவது தண்ணி குடுங்க என்று மெல்லத்தான் சொன்னாள், நாலு திசையிலிருந்தும் பக்தர்கள் பாட்டிலோடு வந்தார்கள். தொலைந்து வந்த ஒரு பிள்ளை அழுதது, மலையே சேர்ந்து உச்சுக்கொட்டியது. இணைப்பைப் பிடுங்கவும் அவளுக்குப் பயம். போன வருஷம் ஒரு ஒயரைத் தொட்டு மொத்த மலையையும் ஊமையாக்கியவள் அவள்.

குமரவேலைக் காணோம். போனை எடுக்கவில்லை. வாஹித் பாயைக் கேட்டால், வந்துடுவான்மா, முக்கியமான வேலையா போயிருக்கான் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பின்னால் மறைந்தார். திருவிழா அன்றைக்கு இதைவிட முக்கியமான வேலை என்ன இருக்கிறது என்று அனுசுயாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில், இன்றைக்கும் அவன் கேட்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற பயம் இருந்தது. வேறு வழியில்லாமல் அறிவித்தாள். மைக் செட் குமரவேல், வயது முப்பத்திரண்டு, அடையாளம் சுருட்டை முடி, எங்கிருந்தாலும் தகவல் பந்தலுக்கு உடனே வரவும். தெலுங்கிலும் சொன்னாள். வேலை செய்கிறவனை இப்படித் தேடுகிறார்களே என்று ஜனங்களும் தேட ஆரம்பித்தார்கள். முடி காணிக்கை மண்டபத்திலிருந்து வருகிறவன் எல்லாம் மொட்டையும் சந்தனமுமாக இருக்கும் ஊரில் சுருட்டை முடிக்காரனைக் கண்டுபிடிப்பது சுலபம்தான். அப்படியும் கிடைக்கவில்லை. நேரம் ஆக ஆக அறிவிப்பில் கோபம் ஏறியது. கடைசித் தடவை சொன்னபோது, படியேறிக்கொண்டிருந்த பையன்கள் தங்களைத்தான் பிடிக்கப் போகிறார்கள் என்று கையைத் தூக்கினார்கள்.

மாலை வெயில் சாயும் நேரம். பந்தலில் வரிசை நின்றது. தம்பியைத் தொலைத்தவர், பையைத் தொலைத்தவர், செருப்பைத் தொலைத்தவர் எல்லாருக்கும் பதில் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள். அடுத்தாற்போல் சந்தனம் பூசிய ஒரு மொட்டைத்தலை வந்து நின்றது. அவள் நிமிராமலே வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"யாரைத் தேடுறீங்க? பேரு, அடையாளம் சொல்லுங்க."

"பேரு அனுசுயா. அடையாளம், குரல்தாங்க."

அவள் நிமிர்ந்தாள். முதலில் தெரிந்தது காதுகள். இத்தனை வருஷமும் அந்த முடிக்குள்ளே இப்படி இரண்டு காது இருந்ததா என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் சட்டைப் பையில் டெஸ்டர் தெரிந்தது, அப்புறம் கண். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அந்தச் சிரிப்பு ஹார்ன் ஹார்னாக மலையிறங்கிப் போனது. எந்திரம் சிரிப்பதை ஊர் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டது.

"இன்னாங்க இது? வேண்டுதல் பலிச்சாதான மொட்ட போடுவாங்க?"

"உங்க மிஷினு குத்தத்துக்கு முன்னாடியே தண்டனை குடுக்குது. நான் காலைலருந்து வரிசையில நின்னு, வரத்துக்கு முன்னாடியே காணிக்கைய குடுத்துட்டேன். வாங்கிகினு முருகன் ஏமாத்த மாட்டாருன்னு ஒரு நம்பிக்கைதான்."

"வரம் குடுக்க வேண்டியது நானாச்சே. நான் மாட்டேன்னுட்டா?"

குமரவேல் தலையைத் தடவப் போனான். தடவ ஒன்றும் இல்லை. கையெல்லாம் சந்தனம்.

"முடி வளந்துடுங்க. அடுத்த ஆடிக்கு மறுபடியும் காணிக்கைக்கு ஆவும்."

அவள் சிரிப்பு நின்றது. சிரித்த கண்ணிலேயே தண்ணீர் முட்டியது. மலையில் பம்பைச் சத்தம் ஏன் அடங்கிவிட்டது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. ஆனால் மைக் செட்காரனுக்கு உறைத்தது. மேஜைமேல் எரிகிற சிவப்பு விளக்கை அவன் பார்த்தான். ஒயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடுங்கப் போன கையைத் திருப்பி எடுத்துக்கொண்டான். எச்சில் விழுங்கினான். அவன் உதடு 'வா' என்று குவிவதை அனுசுயா பார்த்தாள். வால்யூம் வந்துவிடப் போகிறது என்று நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றத்தில், தன்னையறியாமல், அவளுக்குள்ளிருந்து எந்திரம் பேசிற்று.

"நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஆனால் கேட்பீர்கள்."

படிக்கட்டில் போய்க்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. காவடிகள் நின்றன.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று குமரவேல் கேட்டான். அவன் கட்டிய ஹார்ன்களே அதை வாங்கி ஒன்றுக்கொன்று சொல்லி, அடிவாரக் குளம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. மைக் அணையாததை மறந்தே போயிருந்த அனுசுயாவும் அப்போதுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கென்றது. மேஜையில் போன் அடித்தது. நைனா. அவர் ரயில்வே நண்பர்களோடு குளக்கரை மோர்ப் பந்தலில் இருந்தார். எடுத்தாள்.

"இங்க நல்லா கேட்டுதும்மா," என்றார் கங்காதரன். "அரக்கோணத்துக்காரங்க கிட்ட நான் பேசிக்கிறேன். நீ இன்னும் பதில் சொல்லல பாரு. ஜனம் மோர கையில வெச்சிகினு நின்னுகினு இருக்குது."

அனுசுயா போனை வைத்தாள். தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரில் அந்த இரண்டு காதுகளும் சிவந்து, பதிலுக்காக நின்றன. அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தொலைந்தவர்களுக்கென்றே வைத்திருக்கும் குரலை எடுத்தாள். அது பாதியிலேயே உடைந்து சிரிப்பாகிவிட்டது. இன்னொரு டேக் கேட்க அங்கே டைரக்டர் யாரும் இல்லை.

"ஓர் அறிவிப்பு. காலையிலிருந்து தேடப்பட்ட மைக் செட் குமரவேல் கிடைத்துவிட்டார். அவரை ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. இனி யாரும் தேட வேண்டாம்."

நகரிக்காரர்கள் விட்டுப்போய்விடக் கூடாதே என்று அதைத் தெலுங்கிலும் ஒரு தடவை சொன்னாள்.