சட்டி என்று நான் கேலி செய்த படகு

நெய்யாற்றின் அக்கரையிலுள்ள எங்கள் வாழைத்தோட்டத்துக்குப் போய்வர ஒரு படகு தேவைப்பட்டது. குளத்தூரில் இரண்டு சிறிய அலுமினிய மோட்டார் படகுகள் விலைக்குக் கிடந்தன. ஒன்று தட்டையான அடியோடு அகலமாக இருந்தது. மற்றது கூர் அடி. வெயிலையே தகடாக அடித்ததுபோல மின்னியது. என் மனம் அதில் ஏறிவிட்டது.

நீச்சல் தெரியாத என் மனைவி ஜெயா, "அகலமானத எடுப்போம்" என்றாள்.

"அது மீன் வறுக்கிய சட்டியில்லா?"

"சட்டி கவிழாதே."

விற்றவரும் சொன்னார்: "கூரானது ஓட்டத்துக்கு நல்லதாக்கும். ஆனா எழும்பி நிக்கப்பிடாது."

கூர்ப் படகையே வாங்கினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் புதுப்படகுக்கு ஜெபம் செய்ய வந்தார். நாங்கள் இருவரும் படகில் உட்கார்ந்திருந்தோம். கரையில் நின்று அவர் "ஜெபிப்போம்" என்றதும், தேவாலயத்தில் நின்று ஜெபிக்கும் பழக்கத்தில் கண்ணை மூடி எழுந்து நின்றுவிட்டோம். படகு சாய்ந்தது. நான் கரைக்குத் தாவினேன். என் மிதியில்தான் அது கவிழ்ந்தது. போதகர் அங்கியோடு தண்ணீரில் இறங்கி ஜெயாவைத் தூக்கினார்.

இருமி முடித்து அவள் கேட்டாள்: "எனக்க கையப் பிடிச்சிருக்கலாமே?"



கூர்ப் படகைத் திருப்பிக் கொடுத்து அகலப் படகை வாங்கினோம். இப்போது மிதவை அங்கி போடாமல் ஏறுவதில்லை, ஜெபமும் உட்கார்ந்துதான். கரை வந்தால் ஜெயா இறங்கும்வரை நான் அசைவதில்லை.

நேற்றும் அவள் இறங்கித் திரும்பி, "சட்டிக்காரரே, இனி வரலாம்" என்று சிரித்தாள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.