முள்ளுருண்டையின் பெயர்

அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. பேருந்துப் பணிமனையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மிளகா. எவ்வளவு நீளமான வண்டியையும் ஒரே திருப்பில் சந்துக்குள் நுழைத்துவிடுவாள். நுழைத்த கையோடு, குறுக்கே காரை நிறுத்திவிட்டுப் போனவனின் ஏழு தலைமுறையையும் ஜன்னல் வழியே விசாரிப்பாள். அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அது குறைத்துச் சொன்னது. அவளுக்கு நகக்கண்ணில்கூடக் கோபம்.

அப்படிப்பட்டவள், இரண்டு நடைக்கு நடுவே, ஓட்டுநர் ஓய்வறையில் உட்கார்ந்து பூதக்குட்டி வளர்க்கிறாள். கழித்துப்போட்ட பழைய வண்டியிலிருந்து பிடுங்கி வந்த இருக்கைதான் அங்கே சோபா. அதில் சம்மணம் போட்டுக்கொண்டு, உள்ளங்கைகளுக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவியைப் பிடித்துக்கொள்வாள். விளையாட்டின் பெயர் ‘அடங்காக் காடு’. காட்டில் அலைந்து பூதக்குட்டிகளைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், மற்றவர்களுடைய குட்டிகளோடு மோதவிட வேண்டும். மோதலில் ஆளுக்கொரு முறை. நீ ஒரு அடி அடித்தால் அவன் ஒரு அடி அடிப்பான். உன் முறை வரும்போது நீ தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் சரி, ஒரு நடை போய்விட்டு வந்தாலும் சரி, எதிரே நிற்கும் பூதம் வாயைப் பிளந்தபடி அப்படியே நிற்கும்.

“பாத்தியா? பூதத்துக்கு இருக்கிற பொறுமை சிக்னல்ல ஒருத்தனுக்கு இருக்கா?” என்பாள், பணிமனை மெக்கானிக்கிடம். அவனை எல்லோரும் ஸ்பானர் என்பார்கள். அந்த விளையாட்டைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு இதுதான்.

மற்றதெல்லாம் வசவு. நாலு அடி வைப்பதற்குள் புல்லுக்குள்ளிருந்து ஒன்று குதிக்கும். நடந்து போகவே விடமாட்டான்கள். வழியில் நிற்கிற பெரிய மனிதர் ஒருவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார், தாண்டிப் போகவும் வழி கிடையாது. உயிரைக் கொடுத்து அடித்த அடிக்கு, ‘தாக்கியது! ஆனால் பெரிய பலன் இல்லை’ என்று எழுத்து எழுத்தாக ஊர்ந்து வரும். அதைவிடக் கொடுமை, கம்பெனிக்காரன் ஒரே விளையாட்டை வெயில் பதிப்பு, மழைப் பதிப்பு என்று இரண்டாக வெட்டியிருந்தான். வெயிலில் இருக்கும் குட்டி மழையில் கிடையாது. மழையில் இருப்பது வெயிலில் கிடையாது. காட்டை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால், மற்றப் பதிப்பை வைத்திருக்கும் ஒருவர், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் அனுப்பும் பெட்டி வழியாக உனக்கு அனுப்பியாக வேண்டும்.

“சட்டையை ஒரு கடையிலயும் பொத்தானை இன்னொரு கடையிலயும் விக்கிறான். இது ஒரு பொழப்பா?”

மழைப் பதிப்பு அவளுடைய மகளிடம் இருந்தது.

இரண்டு கருவிகளையும் வாங்கியது மகள்தான். கல்லூரிக்குப் போய்க்கொண்டே மாலையில் வேலை பார்த்துச் சேர்த்த முதல் பணத்தில் வாங்கினாள். “பிரேக்ல சும்மா உக்காந்து யாரையாவது திட்டிக்கிட்டு இருப்பே. இதைத் திட்டு” என்று கையில் திணித்தாள். ஆட்டக்காரர் பெயர் கேட்ட இடத்தில் ‘மிளகா’ என்று அடித்தவளும் அவள்தான். மகள் விடுதியிலிருந்து வரும் நாட்களில், அம்மாவும் அவளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து குட்டிகளை மோதவிடுவார்கள். ஆற்றுப் பூதத்துக்கு நெருப்பு ஆகாது என்று மகள் ஒரு கட்சி, நெருப்புக்குத்தான் ஆறு ஆகாது என்று அம்மா ஒரு கட்சி. டைல்ஸ் ஒட்டும் வேலை முடிந்து வரும் அப்பா, இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைக்க இடம் தேடுவார்.

பிறகு ஒரு நாள், படிப்பு முடிய ஒரே வருடம் இருக்கும்போது, மகள் கணக்குப் படிப்பை விட்டாள். கேட்டுவிட்டு விடவில்லை. விட்டுவிட்டு, வேறு ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, போனில் சொன்னாள். மிளகாவுக்குத் தலைக்கு ஏறியது. அந்தப் படிப்புக்காக எத்தனை விடுமுறை நாளில் வண்டி ஓட்டியிருப்பாள்! “இனி இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதே” என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். வைத்தும் ஆத்திரம் அடங்கவில்லை. விளையாட்டைத் திறந்து, தன்னிடம் இருந்ததிலேயே ஒன்றுக்கும் உதவாத குட்டியைத் தேடி எடுத்தாள். அது ஒரு முள்ளுருண்டை. நூறு படியில் நாலாம் படியில்தான் இருந்தது. அதற்குத் தெரிந்த ஒரே வித்தை உம்மென்று சுருண்டுகொள்வது. அதற்கு ‘வராதே’ என்று பெயர் வைத்து, மகளின் பெட்டிக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு போன் இல்லை. அவள் பண்ணட்டும் என்று இவள். இவள் பண்ணட்டும் என்று அவள். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். அப்பா மட்டும் பால்கனியில் நின்று மகளிடம் பேசுவார். திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். “தூது போற வேலைக்கு என்னை இழுக்காதீங்க. ஒட்டுறதுதான் என் தொழில், ஆனா டைல்ஸோட சரி” என்று கும்பிடு போட்டுவிட்டார்.

ஆனால் பூதக்குட்டிகள் நிற்கவில்லை. கொஞ்ச நாளில், மழைப் பதிப்பிலிருந்து ஒரு நீலத் தவளை மிளகாவின் பெட்டிக்கு வந்தது. சொல் இல்லை, செய்தி இல்லை. அந்தப் பெட்டியில் செய்தி எழுத இடமே கிடையாது. மிளகா வெயில் ஓணான் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். “ஓசியில எனக்கு எதுவும் வேண்டாம்” என்று ஸ்பானரிடம் முகத்தைச் சுளித்தாள். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. குட்டி வந்தால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு வாரம் வராவிட்டால், அந்த வாரம் முழுக்க வண்டியில் ஏறிய பயணிகள் பாவம்.

ஒருமுறை அந்த நீலத் தவளைக்குப் பெயர் மாற்றப் போனாள். விளையாட்டில் பெயர் மாற்றித் தர ஒரு கிழவர் உண்டு. ‘இது நீங்கள் வைத்த பெயர் அல்லவே. வைத்தவர் மட்டுமே மாற்ற முடியும்’ என்றார் கிழவர்.

“ஏன், நான் சோறு போட்டு வளக்கலையா? இது எந்த ஊர் நியாயம்?” என்று ஓய்வறையே அதிரக் கத்தினாள். சொந்தக் குட்டி ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே ‘சனியன்’ என்று பெயர் வைத்துப் பார்த்தாள். ‘அருமையான பெயர்! முன்பைவிட எவ்வளவோ மேல்!’ என்றார் கிழவர். எதை வைத்தாலும் அதைத்தான் சொல்வார் என்று தெரிந்ததும், அந்த ஆளையும் அவள் விட்டுவைக்கவில்லை.

இந்த நிலையில்தான் கம்பெனிக்காரன் தலையில் கல்லைப் போட்டான். புதிய விளையாட்டு வருகிறதாம். அதனால் இந்த மாதத்தின் கடைசி நாள் மாலையோடு ‘அடங்காக் காட்டில்’ அனுப்பும் பெட்டி மூடப்படுமாம். இனி இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் குட்டியை மாற்றிக்கொள்ள முடியுமாம்.

மிளகா கொதித்தாள். “யாரைக் கேட்டு மூடறான்? பாதியை எனக்கு வித்தான், பாதியை அவளுக்கு வித்தான். இப்ப நடுவுல இருக்கிற கதவைச் சாத்துறான்! பஸ் விட்டுட்டுப் பாதி வழியில எறக்கிவிடுவானா எவனாவது?”

“அக்கா, ஒரு போன் பண்ணா முடிஞ்சு போச்சு” என்றான் ஸ்பானர்.

“யார் பண்றது?”

அவன் கிரீஸ் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாதத்தின் கடைசி நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்தாள். ஒன்று வந்திருந்தது. முள்ளுருண்டை. பெயர்: வராதே. படி: நூறு.

முதலில் அவளுக்கு முகம் சிவந்தது. “நான் குடுத்ததை என் மூஞ்சியிலேயே விட்டெறியறா பாத்தியா! கடைசி நாள் பாத்து!”

ஸ்பானர் எட்டிப் பார்த்தான். “நூறாம் படியா? இந்த உருண்டையை வெச்சா? அடி வாங்கியே செத்திருக்குமே. நாள் கணக்கா உக்காந்திருக்கணும் அக்கா. எறியறதுக்கு யாராச்சும் இவ்ளோ வளப்பாங்களா? அப்புறம் எதுக்குப் பொண்ணு திருப்பி அனுப்புச்சு?”

மிளகா அந்தப் பெயரையே பார்த்தாள். பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகள் இரண்டு வருடமாக அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே அதை வளர்த்திருக்கிறாள். மாற்ற அவளால் முடியாது. வைத்தவள்தான் மாற்ற வேண்டும். அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, இதுவரை யார்மேலும் வராத அளவுக்கு.

கிழவரிடம் போனாள். ‘வராதே’யை அழித்தாள். ‘வா’ என்று அடித்தாள்.

‘அருமையான பெயர்! முன்பைவிட எவ்வளவோ மேல்!’ என்றார் கிழவர்.

“வாயை மூடுய்யா” என்றாள்.

அனுப்பும் பெட்டியில் வைத்து அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. ‘நெரிசல் அதிகம். பிறகு முயலவும்.’ கடைசி நாள் என்று உலகமே அனுப்பிக்கொண்டிருந்தது போலும். மறுபடி அழுத்தினாள். நெரிசல். வெளியே அவளுடைய வண்டி புறப்பட மணி அடித்தார்கள். இன்னொரு முறை அழுத்தினாள். நெரிசல். ஒரு நாளும் வண்டியைத் தாமதமாக எடுத்தவள் இல்லை, அன்றும் தாமதிக்கவில்லை. அந்த நடையில் அவள் யாரையும் திட்டவில்லை. வழக்கமாக ஏறும் பயணிகள், உடம்புக்கு என்னவோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து திறந்தபோது பெட்டி இருந்த இடத்தில் ஒரு வரிதான் இருந்தது. ‘இச்சேவை நிறைவுற்றது. உடனிருந்தமைக்கு நன்றி.’

கருவியை இருக்கையில் எறிந்தாள். நின்றபடியே போனை எடுத்தாள். இரண்டு வருடமாக அழைக்காத எண், விரலுக்கு மறக்கவில்லை.

“அம்மா?” என்றது மறுமுனை.

“என்ன கம்பெனிடி இது? மனுஷனா அவன்? கடைசி நாள்னு தெரியுமில்ல, நாலு பேர் அனுப்புவாங்கன்னு தெரியுமில்ல! எத்தனை தடவை அழுத்தறது? நெரிசலாம் நெரிசல்! இதுல நன்றி வேற சொல்றான், வெக்கங்கெட்டவன்!” மூச்சு வாங்கியது. “அதை எதுக்குடி நூறு வரைக்கும் வளத்தே? ஒண்ணுக்கும் உதவாத உருண்டை.”

“நீ குடுத்ததும்மா.”

ஓய்வறையில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிளகா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“பேரை மாத்திட்டேன். அனுப்பத்தான் முடியல.”

“என்ன பேரு வெச்சே?”

வாய் வரை வந்த சொல் அங்கேயே நின்றுகொண்டது. யாரையும் எதுவும் சொல்லக் கூசாத அந்த வாய்க்கு, ஒற்றை எழுத்து வரமாட்டேன் என்றது.

“இங்கதான் இருக்கு. வேணும்னா நேர்ல வந்து வாங்கிக்கோ” என்று எரிந்து விழுந்தாள்.

மிகச் சின்னக் குரலில் மகள் கேட்டாள்: “வரட்டுமா?”

“பின்ன? அது என்ன, உருண்டுகிட்டா வரும்?”