குடக்கூலி அக்கா

வீட்டுத் தரகு பார்க்கும் அந்த அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஊரே வாடகை என்று சொல்ல, அவள் மட்டும் பிடிவாதமாகக் குடக்கூலி என்பாள். அதுவே அவள் பெயராக ஒட்டிக்கொண்டது.

“அதென்னக்கா பழைய காலத்து வார்த்தை?” என்று யாராவது சீண்டினால் போதும், பிடித்துக்கொள்வாள்.

“குடியிருக்கிறதுக்குக் குடுக்கிற கூலி, குடிக்கூலி. பேசிப் பேசிக் குடக்கூலி ஆயிடுச்சு. நாற்காலியை வாடகைக்கு எடு, சைக்கிளை எடு, யார் வேணாம்னா? சாயங்காலம் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவே. வீடு அப்படியா? அதுல பிள்ளை பெத்துப்பே, சண்டை போட்டுப்பே, காய்ச்சல்ல படுத்துப்பே. அதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை வேணாமா?”

அவள் வேலை செய்யும் விதமும் ஒரு தினுசு. மற்ற தரகர்கள் வீட்டை ஆகா ஓகோ என்று புகழ்வார்கள். இவளோ கதவைத் திறந்ததுமே, “சமையலறையில புகை போகாது. குழாய்த் தண்ணி மத்தியானம் கொதிக்கும்” என்று தொடங்குவாள். வீட்டுக்காரரிடம் போய், குடிவரப் போகிறவர்களைப் பற்றி, “அந்தம்மா தங்கமானவங்க. புருஷன்தான் வாயைத் திறந்தா மூட மாட்டார்” என்பாள். குறையை முதலிலேயே கொட்டிவிட்டால் பிறகு சண்டை வராது என்பது அவள் கட்சி. பாதி வீடுகள் கைநழுவிப் போகும். ஆனால் அவள் குடிவைத்தவர்கள் லேசில் கிளம்ப மாட்டார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்தவளுக்கே ஒருநாள் வீடு இல்லாமல் போனது. அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறானாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தலையைச் சொறிந்தபடி அவர் சொன்னபோது, அவருக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினாள். கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதாள்.

தனக்கு வீடு கேட்கப் போன இடத்திலும் பழக்கம் விடவில்லை. யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல, “ஆள் ஒண்டிக்கட்டை. நேரங்காலம் இல்லாம வருவா. போன் பேசினா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்” என்று அடுக்கினாள். வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. பை நிறைய அடுத்தவர் வீட்டுச் சாவிகளோடு அவள் வெறுங்கையாகத் திரும்பினாள்.

மாதம் முடியப்போகும் சமயத்தில் தையல்காரி ஒருத்தி தேடி வந்தாள். முன்பு கைக்குழந்தையோடு அலைந்துகொண்டிருந்தவளை அக்காதான் ஓரிடத்தில் குடிவைத்தாள். இப்போது அவளுக்குச் சொந்த வீடு இருக்கிறது. மாடி அறை காலியாகக் கிடக்கிறது.

“முதல்லயே சொல்லிடறேன் தங்கச்சி, என்கிட்ட...” என்று ஆரம்பித்தாள் அக்கா.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே சொல்றேன். ஊர் வம்பெல்லாம் உங்க பின்னாடியே வீட்டுக்கு வரும். கோபம் வந்தா சாப்பிட மாட்டீங்க, நான்தான் வந்து கெஞ்சணும். கெஞ்சறேன். வாங்கக்கா.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, குரலை விறைப்பாக்கிக்கொண்டு, “வாடகை எவ்வளவு?” என்றாள்.

தையல்காரி இடுப்பில் கைவைத்தாள்.

“வாடகையா? உங்களுக்கு நான் சைக்கிளா விடறேன்? குடக்கூலின்னு கேளுங்க, சொல்றேன்.”