குப்பத்தில் ஊசி போடப் போன காலை

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் ஆறாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத வேண்டிய வருடம்.

எங்கள் பள்ளியில் சங்கங்களுக்குக் குறைவில்லை. தமிழ் மன்றம், நாடகக் குழு, தோட்டச் சங்கம், பாட்டுக் குழு. வருடக் கடைசியில் வரும் ஆண்டு மலரில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு குரூப் போட்டோவும் அறிக்கையும் உண்டு. நான் சமூக சேவைச் சங்கத்தின் செயலாளர். எங்கள் சங்கம் அந்த வருடம் பெரிதாக எதுவும் செய்திருக்கவில்லை. அறிக்கையில் என்ன எழுதுவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஆண்டு மலரின் மாணவ ஆசிரியை என் பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்காருபவள். பேச்சுப் போட்டியென்றால் முதல் பரிசு அவளுக்குத்தான். அவள் பேசும் தமிழில் ஒரு பிசிறு இருக்காது. வீடு எங்கே என்று கேட்டால், "ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்" என்பாள். யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்த சமயம் ஊரில் காலரா பரவியது. பள்ளியில் எங்கள் எல்லோருக்கும் முதல் ஊசி போட்டார்கள். கை வீங்கி, பாதி வகுப்புக்கு ஜுரம். அவளும் ஜுரம் என்று இரண்டு நாள் வரவில்லை.

அடுத்த வாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். கடலோரக் குப்பம் ஒன்றில் ஜனங்கள் ஊசி போட்டுக்கொள்ள மறுக்கிறார்கள், ஊசி போட்ட மறுநாளே ஒரு வாலிபன் செத்துவிட்டதால் ஊசிதான் கொன்றது என்று வதந்தி கிளம்பிவிட்டது என்றார். பள்ளிக்கூடப் பெண்களே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்தால் நம்புவார்கள், சங்கத்திலிருந்து சிலரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கைக்கு விஷயம் கிடைத்துவிட்டதே.

எங்கள் சங்கத்துக்குப் பொறுப்பான டீச்சர், நன்றாகப் பேசக்கூடிய ஒருத்தி வேண்டும் என்று என் தோழியையும் கூப்பிட்டார். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்திருக்கிறது, திருத்த வேண்டும் என்றாள். திங்கட்கிழமை திருத்தலாம் என்றார் டீச்சர். அரைமனதாகத் தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை நடந்தே போனோம். முன்னால் இன்ஸ்பெக்டர், மருந்துப் பெட்டியோடு ஒரு நர்ஸ், பிறகு டீச்சர், பின்னால் நாங்கள். அவள் கடைசியில் வந்தாள். தாவணித் தலைப்பைத் தலையில் போட்டு முகத்தை மறைத்திருந்தாள். வெயிலுக்காக என்று நினைத்தேன்.

குப்பத்துக்குள் நுழைந்ததும் அங்கங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். குழந்தைகளைச் சடசடவென்று குடிசைகளுக்குள் இழுத்துக்கொண்டார்கள். நர்ஸ் கரையேற்றியிருந்த ஒரு கட்டுமரத்தின் மேல் துணி விரித்து, ஊசியைக் கொதிக்க வைக்க ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். அதற்குள் எங்களைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், நாங்கள் வந்த வழியிலும் ஆண்கள் நின்றிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சர்க்கார் உத்தரவு என்று ஆரம்பித்தார். எவரும் அசையவில்லை. ஒத்துழைக்காவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதும்தான் வினை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது, விளக்கு மணலில் விழுந்து அணைந்தது. நரைத்த மீசையோடு பெரியவர் ஒருவர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தண்ணீரை நோக்கி நடந்தார். ஊரெல்லாம் மருந்துக்குத் தட்டுப்பாடு, அது போனால் வேறு இல்லை என்று நர்ஸ் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார். பெரியவர் முழங்காலளவு அலையில் போய் நின்று திரும்பினார்.

"போலீசு வரட்டும். அதுக்குள்ள இது மீனுக்குப் பூடும்."

அப்போது கூட்டம் விலகியது. ஒரு அம்மாள் வந்தார். தலை அவிழ்ந்து கிடந்தது. அழுது அழுது குரல் போயிருந்தது. செத்துப்போன வாலிபனின் தாய் அவர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராக டீச்சரிடம் வந்து நின்றார்.

"என் புள்ளைய துன்னுட்டீங்க. இன்னும் யார துன்ன வந்துகீறீங்க?"

டீச்சர் எங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற பெண் அழ ஆரம்பித்தாள். யாரோ ஒருவன் ஒரு கல்லை எடுத்திருந்தால்கூட அன்று என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

என் தோழி தலைப்பைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு முன்னால் போனாள்.

"அத்தே."

அந்த அம்மாள் திரும்பினார். எங்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. குப்பத்துப் பெண்கள் அவள் பெயரைச் சொல்லி முணுமுணுப்பது கேட்டது. அவள் தண்ணீரில் நின்ற பெரியவரைப் பார்த்தாள்.

"மாமா, அந்தப் பொட்டிய கொஞ்சம் புடிச்சிகினு இரு. நான் சொல்றத கேட்டுட்டு அப்பாலிக்கா கடல்ல போடறதுன்னா போடு."

அதுதான் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கும் பெண் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"நீ இங்க இன்னாத்துக்குடி வந்த? இவங்களோடவா?" என்றார் அத்தை.

"அத்தே, அண்ணனுக்கு ஊசி போட்டது செவ்வாக்கெழம காலையில. திங்கக்கெழம சாயங்காலமே அதுக்கு வவுத்தால போவ ஆரம்பிச்சிருச்சி. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூட்டாங்கன்னா திரும்பி வராதுன்னு பயந்து நாம வெளிய சொல்லல."

அத்தை அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, ஓரடி பின்னால் போகவும் இல்லை.

"அடி. நான் இன்னும் முடிக்கல," என்றாள். "அண்ணன் வாந்தி எடுத்த பாய அலசினது நான். கெணத்தாண்ட வெச்சி அலசினேன். எல்லாரும் தண்ணி மொள்ற கெணறு. அதுக்கப்புறம்தான் அடுத்த வூட்டு மூத்த கொழந்தைக்கு வந்துச்சி. படிச்சிகினு கீறவ, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஊசி இல்ல மாமா. அந்தத் தண்ணிதான்."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்லப் போனார். டீச்சர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். ஒரு ஆண்பிள்ளை கையை டீச்சர் தொட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கூட்டத்தின் கோபம் இப்போது அவள் பக்கம் திரும்புவதை என்னால் உணர முடிந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் இவளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரியாக இருக்க வேண்டும். என் தோழி அவள் முகத்தைப் பார்க்காமல், ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு நர்ஸிடம் வந்தாள்.

"எனக்கு இன்னிக்கு ரெண்டாவது ஊசி. இங்கியே, எல்லாரும் பாக்கறாமாதிரி போடுங்க."

நர்ஸ் பெரியவரைப் பார்த்தார். அலை வந்து அவர் வேட்டியை நனைத்துப் போனது. பெரியவர் மெதுவாகக் கரைக்கு வந்து பெட்டியைக் கட்டுமரத்தின் மேல் வைத்தார். நர்ஸ் விளக்கைத் துடைத்து மறுபடி ஏற்றினார். ஊசி கொதித்து ஆறியது.

அவளுக்குப் போட்டார்கள். அடுத்து யார் என்று நர்ஸ் நிமிர்ந்தார். யாரும் வரவில்லை. நான் போனேன். தைரியத்தில் இல்லை, சும்மா நின்றுகொண்டிருக்க முடியவில்லை. எனக்குப் பின் எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குப்பத்து ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பெண்ணுக்கும் போட்டு முடித்து, நர்ஸ் ஊசியை வெந்நீரில் போட்டார். இனி யாரும் வரப்போவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அத்தை திரும்பித் தன் குடிசைக்குள் போனார். போயே விட்டார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வெளியே வந்தார். செத்தவனின் குழந்தை. அப்பன் முகத்தை நினைவு வைத்துக்கொள்ளும் வயது இல்லை அதற்கு. நர்ஸ் முன்னால் மணலில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்து, அதன் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டார்.

"மொள்ளமா போடும்மா," என்றார்.

குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த வீட்டுக்காரி தன் கைக்குழந்தையோடு பின்னால் வந்து நின்றாள். பிறகு பெரியவர் சட்டையில்லாத கையை நீட்டினார். அதன்பின் வரிசை வளர்ந்துகொண்டே போனது. உச்சி வெயில்வரை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் கிணற்றில் மருந்து போட்டுத் தண்ணீரை ஊதாவாக்கி, இரண்டு நாளைக்கு யாரும் மொள்ளக் கூடாது, கார்ப்பரேஷன் வண்டியில் தண்ணீர் வரும் என்றார். இந்தத் தடவை அவர் உத்தரவு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது டீச்சர் எங்களை எண்ணிப் பார்த்தார். ஒருத்தி குறைந்தாள். அவள் தள்ளி நின்றிருந்தாள்.

"நான் வரவில்லை டீச்சர். என் வீடு அதுதான்."

மறுபடி அதே பள்ளிக்கூடத் தமிழ். கை காட்டிய இடத்தில் அத்தையின் குடிசை இருந்தது. அம்மா இல்லாத அவளை வளர்த்ததும், படிக்கட்டும் என்று பள்ளிக்கு அனுப்பியதும் அந்த அத்தையும், அவள் அண்ணன் என்றே கூப்பிட்டு வந்த அத்தை மகனும்தான் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஜுரம் என்று அவள் வராத அந்த இரண்டு நாளில்தான் அண்ணனைப் புதைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுக் குழுவின் அறிக்கைக்கு எழுத்துப் பிழை திருத்தினாள்.

அத்தை அன்று அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. குழந்தையோடு குடிசைக்குள் போனார். ஆனால் ஓலைத் தட்டிக் கதவைச் சாத்தவில்லை. அவள் குனிந்து உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் திரும்பினோம்.

திங்கட்கிழமை வழக்கம்போல் வந்தாள். கை வீங்கியிருந்தது, எனக்கும்தான். வகுப்பில் சிலர் அவளைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. நான் அன்று மாலையே உட்கார்ந்து சங்கத்தின் அறிக்கையை எழுதினேன். நான்கு பக்கம். அவளுடைய வீரத்தை உள்ளது உள்ளபடி, அறை வாங்கியதுவரை எழுதியிருந்தேன். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று எண்ணி, மறுநாள் அவள் கையிலேயே கொடுத்தேன்.

முழுவதையும் படித்தாள். பிறகு பென்சிலை எடுத்து முதல் பக்கத்தின் இரண்டு வரிகளை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் குறுக்கே அடித்தாள்.

"ஏன், பொய்யா எழுதியிருக்கேன்?" என்றேன். எனக்குக் கோபம்.

"பொய் இல்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனா மலர் வந்தா யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாங்க. என் பேரு அதுல வருதுன்னு."

மகனின் நோயை மறைத்த கதையை மறுபடி அடுத்தவர் வாயால் அத்தை கேட்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வருட மலரில் எங்கள் சங்கத்தின் அறிக்கைதான் எல்லாவற்றிலும் சின்னது. சுகாதாரத் துறையினருடன் மீனவர் குப்பத்துக்குச் சென்று காலரா தடுப்பூசிப் பணியில் உதவினோம் என்று இரண்டே வரி. செயலாளர் சோம்பேறி என்று தலைமையாசிரியை என்னைக் கடிந்துகொண்டார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

அவள் பிறகு ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள், நான் கல்யாணமாகி வேறு ஊர் போனேன், தொடர்பு விட்டுப்போயிற்று. குப்பத்துக் குழந்தைகளின் உயிருக்காக ஊர் நடுவில் நின்று சத்தமாகச் சொன்ன அதே உண்மையை, காரியம் முடிந்ததும் மறுபடி ஒருவர் காதிலும் விழாமல் பத்திரப்படுத்தவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எண்பது வயதைத் தாண்டிவிட்ட இன்றும், அடுத்தவர் வீட்டு விஷயம் ஒன்று என் நாக்கு நுனிவரை வரும்போது, பென்சிலோடு உட்கார்ந்திருந்த அவளை நினைத்துக்கொண்டுதான் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.